ரத்தம் ஏற்றும்போது: நர்சிங் மாணவர்களுக்கு

தவறான ரத்தம் ஏறிவிடுவது பெரும்பாலும் ரத்த வங்கியில் நடக்கும் தவறால் அல்ல. கட்டிலருகே ஆளைச் சரிபார்க்காததால். அதனால் முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு பையை.

"நீங்கதானே செல்வி?" என்று கேட்காதீர்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் "ஆமாம்மா" என்பார். "உங்க பேர் என்ன? வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்குக் கையில் கட்டிய பட்டைதான் சாட்சி. ஒரே வார்டில் இரண்டு செல்வி படுத்திருப்பது சகஜம் என்பதால் ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) இல்லாமல் பெயரை மட்டும் நம்பக்கூடாது. பை எண், ரத்த வகை, ஆர்எச் (பாசிட்டிவா நெகட்டிவா), காலாவதித் தேதி, கிராஸ்மேட்ச் சீட்டு (நோயாளியின் ரத்தத்தோடு பை ரத்தம் ஒத்துப்போகிறதா என்ற சோதனை முடிவு) எல்லாவற்றையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

பையை வாங்கப் போகும் முன்பே கேஸ் ஷீட்டில் எழுத்துபூர்வ ஒப்புதல் இருக்கிறதா, கேனுலா என்ற ரத்தநாளக் குழாய் (பெரியவர்களுக்கு 18 அல்லது 20 கேஜ் அளவு) வேலை செய்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அறுவை சிகிச்சைக்கு வாங்கிய கையெழுத்தில் ரத்தம் ஏற்றுவது பற்றிக் குறிப்பு இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லித் தனியாக வாங்க வேண்டும். விளக்கிச் சொல்வது டாக்டரின் பொறுப்பு.

சிவப்பணுப் பை வந்த 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும். 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தாமதமானால் ரத்த வங்கிக்கே திருப்பி அனுப்புங்கள், வார்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெந்நீரில் சூடாக்கினால் அணுக்கள் உடையும். தட்டணு கதையே வேறு: 20 முதல் 24 டிகிரியில் இருக்க வேண்டியது, குளிரில் வைத்தால் வீண்.

வடிகட்டி உள்ள பிளட் செட்டே வேண்டும். அதே குழாயில் நார்மல் சலைன் தவிர வேறெதுவும் போகக்கூடாது. டெக்ஸ்ட்ரோஸ் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ரிங்கர் லாக்டேட்டில் உள்ள கால்சியம் ரத்தத்தை உறைய வைக்கும்.

முதல் 15 நிமிடம் நகராதீர்கள். வேகம் நிமிடத்துக்கு 1 முதல் 2 மி.லி. போதும். 20 சொட்டு 1 மி.லி. ஆகும் செட்டில் அது 20 முதல் 40 சொட்டு (செட் கவரில் பார்த்துக்கொள்ளுங்கள்). பிறகு 300 மி.லி.யை 3 மணி நேரத்தில் முடிக்க 33 சொட்டு. முதியவர், இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு டாக்டர் சொல்லும் வேகம்தான். வேகம் கூடினால் மூச்சுத் திணறும். தொடங்கும் முன், 15வது நிமிடத்தில், பிறகு மணிக்கொருமுறை, முடிந்ததும் வைட்டல்ஸ் (காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம்) எழுதுங்கள்.

குளிர் நடுக்கம், ஒரு டிகிரி செல்சியஸ் காய்ச்சல் ஏற்றம், இடுப்பு வலி, அரிப்பு, கருஞ்சிவப்புச் சிறுநீர், "என்னமோ பண்ணுது சிஸ்டர்" என்ற பேச்சு, எது வந்தாலும் முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள். கேனுலாவைப் பிடுங்காதீர்கள், அவசர மருந்துக்கு அதுதான் வழி. செட்டோடு பையைக் கழற்றி, புதுச் செட்டில் சலைன் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். பெயரையும் பை எண்ணையும் மறுபடி ஒப்பிடுங்கள். மீதிப் பை, செட், புதிதாக எடுத்த ரத்தம், சிறுநீர் எல்லாம் ரத்த வங்கிக்குப் போக வேண்டும். பையைக் குப்பையில் போட்டவர் ஆதாரத்தையே போட்டுவிட்டார்.

நர்ஸ் குறிப்பில் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், போன அளவு, டாக்டரிடம் சொன்ன நேரம். விட்டுப்போனதைப் பிறகு எழுத நேர்ந்தால், எழுதிய நேரத்தையும் போட்டு 'தாமதமாக எழுதியது' என்றே குறியுங்கள். அடித்துத் திருத்திய தாள் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகப் பேசும். எதிர்வினைப் படிவத்தையும் நிரப்பச் சொல்லுங்கள். 2012 முதல் நடக்கும் இந்திய ஹீமோவிஜிலன்ஸ் (ரத்தம் ஏற்றுவதைக் கண்காணிக்கும்) திட்டத்துக்கு, எந்த எதிர்வினை எதனால் வருகிறது என்ற தரவு அந்தப் படிவத்திலிருந்துதான் போகிறது. சிறு அரிப்புதானே என்று விட்டால் கணக்கே பிழையாகும்.