பழைய கவாத்துக் கத்தி சேகரிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளியின் மூக்கைப் போல வளைந்த அலகு, தடித்த மான்கொம்புக் கைப்பிடி, மடக்கினால் பைக்குள் அடங்கும் அளவு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் கவாத்துக் கத்தரி உருவாகும் வரை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கிளை கழித்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட வளைகத்தியால்தான். கத்தரி வந்த பிறகும் அது பல தலைமுறைக்கு ஓயவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் ஸோலிங்கனும் ஏராளமாகச் செய்து அனுப்பின. அதனால் பழைய கவாத்துக் கத்தி அப்படியொன்றும் அபூர்வமான பொருள் இல்லை. கெடுக்கப்படாத கவாத்துக் கத்திதான் அபூர்வம். அதைக் கெடுப்பவர்களில் தோட்டக்காரர்களைவிடச் சேகரிப்பாளர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

முதல் குற்றவாளி உப்புத்தாள். கத்தி வீட்டுக்கு வந்த அன்றே அதைப் பளபளக்க வைத்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். அதற்கு முந்தைய அலகுகள் எல்லாமே சாதாரணக் கார்பன் எஃகு. தோட்டத்துக் கத்திகளில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் கார்பன் எஃகே நீடித்தது, கூர் பிடிக்க அதுவே வாகு என்பதால். பச்சைக் கிளையின் சாறு பட்டுப் பட்டு அந்த எஃகின் மேல் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படியும். அது அழுக்கு இல்லை. அடியில் இருக்கும் எஃகுக்கு ஓரளவு காவலும்கூட. அகற்ற வேண்டியது செம்பழுப்பாகப் பொடி உதிரும் துருவை மட்டும். கொஞ்சம் மினரல் எண்ணெயும் மிக மெல்லிய எஃகு நாரும் கொண்டு பொறுமையாகத் தேய்த்தால் துரு கழன்றுவிடும், படலம் தங்கிவிடும். மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் படலம் போகும், விளிம்புகள் மழுங்கும், தயாரிப்பாளர் முத்திரையின் பாதி எழுத்தும் போகும். போனது திரும்பாது.

சாணைக்காரரிடம் கொடுப்பது இதைவிட மோசம். வேகமாகச் சுழலும் கல்லில் நுனி சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கத்தி வாங்கும்போதும் இந்த நீலத்தைத் தேடிப் பாருங்கள். அலகுக்குக் குறுக்கே ஓடும் முரட்டுக் கீறல்கள் இருந்தாலும் யாரோ மின்கல்லில் பிடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

தேய்மானத்தைக் கணிக்கத் தெரியாமல் வாங்குவது அடுத்த தவறு. கவாத்துக் கத்தியின் உயிர் அந்த வளைவில் இருக்கிறது. கையைத் தன் பக்கம் இழுக்கும்போது கிளை நழுவாமல் வளைவுக்குள் சிக்கி அறுபட வேண்டும். ஆண்டுக்கணக்கில் தீட்டினால் மூக்கு தேய்ந்து, கடைசியில் ஏறக்குறைய நேரான அலகுதான் மிஞ்சும். அதைப் பார்த்துவிட்டு "இது ஒரு தனி ரகம்" என்று விற்பவர் சொல்வார். அலகை மடக்கிப் பாருங்கள். முழு அலகு கைப்பிடியின் இடைவெளியை ஏறக்குறைய நிரப்பும். தேய்ந்தது உள்ளே ஆழத்தில் கிடக்கும். நகம் வைக்கும் பள்ளத்துக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தையும் கவனியுங்கள், தேய்மானம் முழுக்க வாய்ப் பக்கத்தில்தான் நடக்கும். பழைய தயாரிப்பாளர்களின் விலைப்பட்டியல் படங்கள் கிடைத்தால் அவற்றோடு ஒப்பிடுவதைவிட நம்பகமான வழி இல்லை. மற்றபடி, நேர்மையாக உழைத்துச் சீராகத் தேய்ந்த கத்தியை நான் ஒதுக்க மாட்டேன். விலையில் அது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வளைந்ததெல்லாம் கவாத்துக் கத்தி என்று நினைப்பதும் உண்டு. மின்கம்பியின் உறையைச் சீவும் கத்திக்கும் இதே மூக்கு இருக்கும். பொதுவாக அது மெல்லியது, முற்றிய கிளையை இழுத்து அறுக்கும் பருமன் இருக்காது. இதற்கு நேர்மாறாக, நேரான சிறு அலகும் கைப்பிடியின் கடைசியில் தட்டையான எலும்பு நாக்கும் கொண்ட கத்தியைக் காகிதம் வெட்டும் கத்தி என்று தள்ளிவிடுவார்கள். அது கண் ஒட்டுக் கட்டும் கத்தி, அதாவது ஒரு செடியின் மொட்டை இன்னொரு செடியின் பட்டைக்குள் செருகி ஒட்டுவதற்கானது. பட்டையைக் கீறிய பிறகு அதை நெம்பித் திறக்கத்தான் அந்த நாக்கு. நாக்கு உடையாமல் முழுசாக இருந்தால் விடாதீர்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் கவாத்துக் கத்தி வேறு இனம்: மடங்காது, பைக்குள் அடங்காது.

இனி முத்திரை. அலகின் அடிப்பகுதியில் பொறித்திருக்கும் பெயரைப் பார்த்த உடனே பணத்தை எடுப்பவர்கள் பலர். ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் உலகம் முழுக்க மதிக்கப்பட்டவை. அதனாலேயே உலகம் முழுக்கக் காப்பியடிக்கப்பட்டவை. ஓர் எழுத்து மாறிய பெயர்கள் உண்டு. வில்லியம் ராட்ஜர்ஸ் என்ற முத்திரையும் ஷெஃபீல்டுதான், ஆனால் அது வேறு நிறுவனத்துடையது. தோட்டக் கத்தி என்று வந்தால் ராட்ஜர்ஸைவிட சேனர் என்ற பெயரைத்தான் நான் முதலில் தேடுவேன். கவாத்துக் கத்திக்கென்றே பெயரெடுத்த ஷெஃபீல்டு நிறுவனம் அது.

காலத்தைக் கணிக்கவும் ஒரே அடையாளத்தை நம்பக் கூடாது. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், அங்கே இறக்குமதியாகும் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. எனவே 'இங்கிலாந்து' என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு என்று சொல்லலாம். பொறிக்காவிட்டால் அதற்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது. உள்நாட்டில் விற்றதற்கு அந்த அவசியமே இல்லை. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்கு முன்பு போகவே வழியில்லை. மகுடத்தோடு வி.ஆர். என்ற எழுத்துகள் விக்டோரியா காலத்தைச் சொல்லும், ஜி.ஆர். என்பது எந்த ஜார்ஜ் மன்னர் என்பதை அது மட்டும் சொல்லாது. அலகில் துருப்பிடிக்காத எஃகு என்று எழுதிவிட்டு "விக்டோரியா காலத்துக் கத்தி" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகரலாம்.

அலகு ஆடினால் பித்தளை ஆணியைச் சுத்தியலால் தட்டி இறுக்கப் பார்ப்பார்கள். அலகு இறுகும் முன்பே எலும்பிலோ கொம்பிலோ விரிசல் விழும். தண்ணீரில் ஊறவைப்பதும் அப்படித்தான். தேங்காயெண்ணெய் தடவி வைத்தால் நாளடைவில் சிக்குப் பிடித்து மடக்கும் இடம் ஒட்டிக்கொள்ளும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு எஃகுக்குக் கொடுக்கும். நம் கடற்கரை ஊர்களின் காற்றில் கேட்கவே வேண்டாம். செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் கைப்பிடி உள்ள கத்தியைத் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். செல்லுலாய்டு சிதையத் தொடங்கினால் அதிலிருந்து வரும் அமில ஆவி, அதே பெட்டியில் இருக்கும் மற்ற அலகுகளையும் அரித்துவிடும்.

கைப்பிடி என்ன பொருள் என்று கேட்காமல் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது வேறு வகைத் தொல்லை. ஷெஃபீல்டு கத்திகளின் மான்கொம்பில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போன கடமான் கொம்பு. நம் நாட்டில் அதன் வணிகத்தை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தந்தம் இன்னும் கடுமை: பிரிட்டனிலேயே 2022 ஜூன் முதல் சில விலக்குகள் தவிர அதை வாங்கவும் விற்கவும் தடை. எலும்பில் சிறு கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும், யானைத் தந்தத்தின் வெட்டு முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வரிகள் தெரியும். படத்தில் அது பிடிபடாவிட்டால், பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.