உங்கள் வயல் கண்டுபிடிப்பைப் போட்டிக்கு அனுப்புவது எப்படி?

களைக்கருவியைப் பட்டறையில் கொடுத்து, வெட்டி ஒட்டி, உங்கள் மண்ணுக்கு ஏற்றபடி மாற்றியிருப்பீர்கள். இல்லையென்றால் வயலில் தனியாகத் தெரிந்த ஒரு கதிரை எடுத்து வைத்து, விதைத்துப் பெருக்கியிருப்பீர்கள். இப்படிச் செய்த பலருக்கு இதைப் போட்டிக்கு அனுப்பலாம் என்றே தோன்றுவதில்லை. அனுப்பலாம். அதற்கென்றே ஒரு தேசியப் போட்டி இருக்கிறது.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு 2000-ல் தொடங்கப்பட்ட நேஷனல் இன்னோவேஷன் ஃபவுண்டேஷன் (என்.ஐ.எஃப்.) குஜராத்தின் காந்திநகர் அருகே இயங்குகிறது. அடித்தட்டு மக்களின் கண்டுபிடிப்புகளுக்கு அவர்கள் தேசிய அளவில் போட்டி நடத்தி விருது தருகிறார்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. தமிழிலேயே எழுதி அனுப்பலாம்.

படி 1: தகுதி பாருங்கள்

கண்டுபிடிப்பு உங்கள் சொந்த முயற்சியில் பிறந்திருக்க வேண்டும். விவசாயி, மெக்கானிக், கைவினைஞர் யாராக இருந்தாலும் சரி. படிப்பு ஒரு பொருட்டல்ல. ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவர் தன் வேலையின் பகுதியாகச் செய்தது இதில் சேராது.

இன்னொன்று: அதிக மகசூல் எடுத்ததற்குப் பரிசு தரும் போட்டிகள் வேறு. இங்கே கேட்பது, நீங்கள் புதிதாக என்ன மாற்றினீர்கள் என்பதை.

படி 2: நோட்டில் எழுதி வையுங்கள்

என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தைச் சேர்ந்த தாதாஜி கோப்ரகடே சிறு விவசாயி. 1983-ல் தன் நெல் வயலில் மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிந்த சில கதிர்களைக் கவனித்தார். அந்த விதையைத் தனியாக எடுத்து வைத்து, மறு ஆண்டு விதைத்து, விலங்கு மேயாமல் முள் போட்டுக் காத்து, பருவத்துக்குப் பருவம் பெருக்கினார். அது ஊர் ஊராகப் பரவி, அன்று பிரபலமாக இருந்த கைக்கடிகாரத்தின் பெயரால் எச்.எம்.டி. அரிசி ஆனது. பிறகு ஒரு பல்கலைக்கழகம் அதைத் தூய்மைப்படுத்தித் தன் ரகமாக வெளியிட்டது. கண்டுபிடித்தவர் யார் என்று பலருக்குத் தெரியாமலே போனது. 2005-ல்தான் என்.ஐ.எஃப். விருது அவருக்குக் கிடைத்தது. இன்னும் எத்தனை பேர் பெயர் தெரியாமல் போயிருப்பார்களோ என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

அதனால் இன்றே ஒரு நோட்டு எடுங்கள். எந்தத் தேதியில் என்ன செய்தீர்கள், எது சரிவரவில்லை, எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். பட்டறை பில்லை ஒட்டி வையுங்கள். கருவி அரைகுறையாக இருக்கும்போதும் போட்டோ எடுங்கள்.

படி 3: பக்கத்திலேயே ஒப்பிட்டுக் காட்டுங்கள்

ஒரே வயலில், ஒரே நாளில், ஐந்து சென்ட்டில் உங்கள் முறை, அடுத்த ஐந்து சென்ட்டில் பழைய முறை. விதை, உரம், தண்ணீர் எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டிலும் ஆள், நேரம், டீசல், விளைச்சல் எவ்வளவு என்று எடை போட்டு, கணக்குப் பார்த்து எழுதுங்கள். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று வைத்தால் அந்தக் கணக்கு எடுபடாது. முடிந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் கொடுத்துப் பாருங்கள். அவர் சொல்லும் குறைகளையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: விண்ணப்பம் எழுதுங்கள்

பெயர், முகவரி, போன் நம்பர், போட்டோ, வீடியோ எல்லாம் கொடுத்துவிடலாம். விவரிக்கும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘எனது கருவி நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும், விவசாயிகளுக்கு மிகவும் பயனுள்ளது’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மாதிரிக்கு இப்படி எழுதிப் பாருங்கள்:

‘ஒரு ஏக்கர் நிலக்கடலைக்கு முதல் களை எடுக்க எங்கள் ஊரில் பத்து ஆள் வேண்டும். இந்தக் கருவியால் இரண்டு பேர் ஒரே நாளில் முடிக்கிறோம். வரிசை ஒரு அடி இடைவெளியில் இருக்க வேண்டும். மண் ஈரமாக இருந்தால் கத்தியில் ஒட்டிக்கொள்ளும்.’

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடாதீர்கள். எங்கே ஓடாது என்று சொல்பவரின் கணக்கைத்தான் நம்பத் தோன்றும்.

ஏன் செய்தீர்கள் என்பதும் முக்கியம். குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி, வறட்சியில் மாடு வைத்துக் கட்டுப்படியாகாத நிலையில் புல்லட் மோட்டார் சைக்கிளையே உழவு, களையெடுப்புக்கு மாற்றியமைத்தார். அந்தக் கஷ்டம் தெரிந்தால்தான் கருவியின் அருமை புரியும்.

படி 5: யூடியூபில் போடும் முன் நில்லுங்கள்

புதிய கருவிக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே அதன் நுணுக்கத்தை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டால் புதுமை போய்விட்டது என்று மறுக்கப்படலாம். வீடியோ பிறகு போடலாம், அவசரமில்லை. சாகுபடி முறைக்கு நம் நாட்டுச் சட்டப்படி காப்புரிமை கிடையாது. புதிய பயிர் ரகம் என்றால் 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் கீழ் உழவர் ரகமாகப் பதிவு செய்யலாம்.

விண்ணப்பத்தோடு ஒப்புதல் படிவமும் வரும். உங்கள் விவரத்தை யாருக்குச் சொல்லலாம், எந்த நிபந்தனையில் சொல்லலாம் என்பதை நீங்கள்தான் அதில் முடிவு செய்கிறீர்கள். படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். புரியாவிட்டால் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

அனுப்பிய பிறகு

கடைசித் தேதியை என்.ஐ.எஃப். இணையதளத்தில் பார்த்து, அதற்கு முன்பே அனுப்பி, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். இதே மாதிரி ஏற்கெனவே எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார்கள். நேரில் வந்து ஓட்டிக் காட்டச் சொல்லலாம், சோதனைக்கும் அனுப்பலாம். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். அதுவரை கருவியைப் பிரித்துப் போடாமல், ஓடும் நிலையில் வைத்திருங்கள். ரகம் என்றால் விதையை நன்றாகக் காயவைத்து, பெயரும் அறுவடைத் தேதியும் எழுதித் தனியாக எடுத்து வையுங்கள்.