இரண்டாவது குழந்தைக்குப் பெயர்: அண்ணன், அக்கா பெயரோடு பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் குழந்தைக்குப் பெயர் தேடும்போது பிடித்திருக்கிறதா இல்லையா என்பதுதான் பேச்சு. இரண்டாவது குழந்தை வரும்போது “மூத்தவன் பேரோட சேர்ந்து வருதா?” என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. பாட்டியில் தொடங்கி பக்கத்து வீட்டுக்காரர் வரை கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. வீட்டிலும் சொந்தபந்தத்திலும் காலம் முழுக்க ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லப்போகிற பெயர்கள் அவை.

ஆனால் பொருத்தம் என்றதும் நம்மில் பெரும்பாலோர் ஓசையைத்தான் பார்க்கிறோம். ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும், ஒரே மாதிரி முடிய வேண்டும். சிக்கல்களில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. ஓசையில் இரண்டு பெயரும் விலகியே இருக்கட்டும், வகையிலும் மதிப்பிலும் ஒன்றாக இருந்தால் போதும் என்பது என் கட்சி.

ஒரே எழுத்து, ஒரே ஓசை

ஹரிஷ் – ஹரிணி, தர்ஷன் – தர்ஷினி, சஞ்சய் – சஞ்சனா. அழைப்பிதழில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடுப்படியிலிருந்து கூடத்துக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். மிக்ஸி ஓடுகிறது, டிவி ஓடுகிறது. தூரத்தில் இருப்பவர் காதில் விழுவது முதல் அசையும் அதை இழுக்கும் இழுப்பும்தான். “ஹரீ...” என்றால் இரண்டு பேரும் ஓடிவருவார்கள். கொஞ்சம் வளர்ந்துவிட்டால், தன்னைக் கூப்பிடவில்லை என்று இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள்.

இதைவிடக் கவனிக்காமல் விடுவது சுருக்கப் பெயரை. முழுப்பெயர் வேறு வேறாக இருக்கும், கூப்பிடும் பெயர் ஒன்றாகிவிடும். ஆதித்யாவும் ஆதிரையும் ஆறே மாதத்தில் இரண்டு ‘ஆதி’ ஆகிவிடுவார்கள். தமிழ்ச்செல்வன், தமிழினி இருக்கிற வீட்டில் ‘தமிழ்’ யார்? கவின், கவியரசி என்றால் ‘கவி’ யார்? நாம் சுருக்காவிட்டாலும் பள்ளிக்கூடத்து நண்பர்கள் சுருக்குவார்கள். எனவே ஒரு பெயர் மனதில் நின்றதும், அதை எப்படியெல்லாம் சுருக்கிக் கூப்பிடுவார்கள் என்று எழுதி மூத்த குழந்தையின் கூப்பிடும் பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. அம்மாவின் எழுத்தையும் சேர்க்கிற வீடுகளில் அதுவும் பொதுதான். ஆக, பிள்ளைகளைப் பிரித்துக் காட்ட மிஞ்சுவது அவரவர் பெயர் மட்டும். எம்.ஜி.ராமச்சந்திரன், அவர் அண்ணன் எம்.ஜி.சக்கரபாணி இருவருக்கும் முன்னெழுத்து இரண்டும் ஒன்று. பெயர் வேறு எழுத்தில் தொடங்கியதால்தான் எம்.ஜி.ஆர். என்ற சுருக்கம் ஒருவரை மட்டும் குறித்தது. ஈ.வெ.ராமசாமிக்கும் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமிக்கும் அப்படியே. சுரேஷின் பிள்ளைகள் எஸ்.சஞ்சய், எஸ்.சஞ்சனா என்றால் இரண்டு பேரும் எஸ்.எஸ். தான். நோட்டு லேபிள், கூரியர் கவர், ரத்தப் பரிசோதனைச் சீட்டு என்று எல்லா இடத்திலும் ஒரு நிமிடம் நின்று யாருடையது என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இரட்டைக் குழந்தைகள் என்றால் இது சங்கடத்தோடு நிற்காது. பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், முகவரி, முன்னெழுத்து எல்லாம் ஒன்று. ஆவணத்தில் இருவரையும் பிரிக்கிற முதல் விஷயம் பெயர்தான். அதுவும் தர்ஷன் – தர்ஷனா என்று ஓர் எழுத்தில் மட்டும் மாறினால், தட்டச்சில் ஒரு கை தவறினாலே ஒரு குழந்தையின் தடுப்பூசியோ மருந்தோ இன்னொரு குழந்தையின் பக்கத்தில் பதிவாகிவிடலாம். இரட்டையர்களுக்கு முதலெழுத்தாவது வேறாக வையுங்கள் என்று நான் கெஞ்சியே கேட்பேன். ஆற்காடு இரட்டையர்களைப் பாருங்கள். 1887 அக்டோபர் 14 அன்று பிறந்த உருவ ஒற்றுமையுள்ள இரட்டையர். ஒருவர் ராமசாமி, இன்னொருவர் லட்சுமணசாமி. உடன்பிறந்தவர்கள் என்பது பெயரைக் கேட்டதுமே புரிகிறது, ஆனால் முதலெழுத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ராமசாமி முதலியார் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவர் ஆனார். லட்சுமணசாமி முதலியார் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார்.

அந்தக் காலத்தில் குலசாமி பெயரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வைக்கவில்லையா என்று கேட்கலாம். வைத்தார்கள், ஆனால் பெரியகருப்பன், சின்னக்கருப்பன் என்று முன்னாலேயே அடையாளம் போட்டுவிட்டார்கள். மருது சகோதரர்களும் நமக்குப் பெரிய மருது, சின்ன மருதுதான். இன்றைக்கு அப்படி யாரும் வைப்பதில்லை.

புராணத்தில் அவர்கள் யாருக்கு யார்?

அண்ணன் பெயர் ராம், தங்கைக்கு ஜானகி. அக்கா மீனாட்சி, தம்பி சுந்தரேசன். சாமி பெயர் என்று ஆசையாக வைப்பதுதான், ஆனால் அவர்கள் கணவன் மனைவி. ராமன் – சீதை யாருக்கும் தெரியும், சட்டென்று பிடிபடாத ஜோடிகளில்தான் சறுக்குகிறார்கள். அனிருத் – உஷா, சத்தியவான் – சாவித்திரி, ஸ்ரீனிவாசன் – பத்மாவதி, விஸ்வநாதன் – விசாலாட்சி, ரங்கநாதன் – கோதை எல்லாம் தம்பதிகள். பிள்ளைகள் பெரியவர்களானதும் யாராவது ஒருவர் சபையில் சொல்லிக் காட்டும்போது அவர்களுக்குத்தான் கூச்சம்.

புராணம், வரலாறு, வேதம் எதிலிருந்து எடுத்தாலும் உடன்பிறந்தவர்களைத் தேடினால் கிடைப்பார்கள். கண்ணனுக்குத் தங்கை சுபத்திரை. மதுரைக்காரர்களுக்கு அழகர் மீனாட்சியின் அண்ணன். அருள்மொழிக்கு அக்கா குந்தவை. கிறிஸ்தவ வீடுகளில் ஈசாக்கு – ரெபேக்காள் கணவன் மனைவி, மார்த்தாள், மரியாள், லாசரு மூவரும் உடன்பிறந்தவர்கள். ஹசன், ஹுசைன் அண்ணன் தம்பி.

பொருளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அனுஜ், அனுஜா என்றால் பின்னால் பிறந்தவர். அதைத் தலைப்பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். ஆத்யா என்றால் முதலானவள், அது இரண்டாவது பெண்ணுக்குப் போயிருக்கும். கதிரவனுக்குத் தம்பி ஆதவன் என்றால் வீட்டில் இரண்டு சூரியன்.

வரிசையில் மாட்டிக்கொள்வது

மூத்தவள் காவேரி, அடுத்தவள் வைகை. நல்ல பெயர்கள். மூன்றாவது பையன் பிறந்தால் எந்த ஆற்றைத் தேடுவது? இயல், இசை என்று இரண்டு பிள்ளைகளுக்கு வைத்துவிட்டால் மூன்றாவது குழந்தையை யாரும் நாடகம் என்று கூப்பிட முடியாது. இரண்டு பெயரில் ஒரு வரிசை தெரிந்துவிட்டால் மூன்றாவது குழந்தை அதற்குள் வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் தான் மட்டும் வெளியே என்று அதற்குத் தோன்றும். இன்னொரு குழந்தைக்கு வாய்ப்பிருக்கிறது என்றால் இரண்டோடு முடிந்துபோகிற ஜோடியை எடுக்காதீர்கள்.

நட்சத்திர எழுத்திலும் இதே இறுக்கம் உண்டு. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. மூத்த குழந்தைக்கு ‘கா’ வந்து கார்த்திக் என்று வைத்திருப்பார்கள். இளையது திருவாதிரையில் பிறக்கும், பட்டியலில் ‘ங’ நிற்கும். அந்த எழுத்தில் பெயருக்கு எங்கே போவது? பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் எழுத்தும் கொஞ்சம் மாறும். அதற்காக ஒரு செயற்கைப் பெயரைக் கட்டி, அதை மூத்தவன் பெயரோடும் பொருத்தப் பார்த்தால் யாருக்கும் வாயில் நுழையாத ஒன்றுதான் மிஞ்சும். நம்பிக்கை உள்ளவர்கள் அந்த எழுத்தில் ஒரு பெயரைக் காதில் ஓதும் சடங்குக்கு வைத்துக்கொண்டு, சான்றிதழுக்கு வேறு பெயர் வைப்பது நம் ஊரில் புதிதல்ல. எண் கணிதத்துக்காகச் சேர்க்கும் கூடுதல் எழுத்துக்கும் இதையே சொல்வேன்.

யார் கூப்பிடப் போகிறார்கள்?

இதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. நம் வீடுகளில் இளையது மூத்ததைப் பெயர் சொல்லிக் கூப்பிடாது, அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடும். பாப்பாவின் பெயரை நாள் முழுக்கச் சொல்லப்போவது மூத்த குழந்தை. அதற்கு மூன்று நான்கு வயதுதான் இருக்கும். பிரக்ஞா, துருவ், ஹ்ருதிக் எல்லாம் அந்த நாக்குக்குப் பெரிய வேலை. அது எப்படிச் சொல்கிறதோ அதுவே வீட்டுப் பெயராக நிலைத்துவிடும். முடிவு செய்வதற்கு முன் மூத்த குழந்தையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் தேர்வையே அதன் கையில் கொடுத்துவிடாதீர்கள். நான்கு வயதுக் குழந்தை தான் பார்க்கிற கார்ட்டூனிலிருந்து ஒரு பெயரைச் சொல்லும், நாம் மறுத்தால் முகம் சுருங்கும். நீங்கள் முடிவு செய்த இரண்டு பெயரில் எது என்று கேளுங்கள். இல்லாவிட்டால் செல்லப்பெயரை அது வைக்கட்டும், அந்த உரிமையில் அதற்குப் பெருமை தாங்காது.

குறைத்து வைக்கும் பெயர்

ஓசைப் பொருத்தம் தவறினால் சமாளித்துக்கொள்ளலாம். இது தவறினால் அந்தப் பிள்ளைதான் ஆயுசுக்கும் சுமக்க வேண்டும்.

நம் ஊரில் மூன்றாவது, நான்காவது பெண்ணுக்குப் போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெயர் வைத்த வழக்கம் இருந்தது. திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் அந்தப் பெயரோடு வளர்ந்து படித்த பெண்கள் இருக்கிறார்கள். மங்களம் பாடி முடிப்பது போல, கடைசிப் பெண்ணாக இருக்கட்டும் என்று மங்களம் என்று வைத்த வீடுகளும் உண்டு. அக்காமார்களுக்கு லட்சுமி, சரஸ்வதி. தனக்கு மட்டும் ‘போதும்’. வாத்தியார் வருகைப்பதிவு எடுக்கும் ஒவ்வொரு காலையும், நீ வந்திருக்க வேண்டாம் என்று வீடு சொன்னதை அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்றைக்கு அப்படி வைப்பது அரிது. ஆனால் சாயல் போகவில்லை. மூத்த மகனுக்கு ஆறு மாதம் தேடி, தாத்தா பெயரையும் சேர்த்து, பொருள் விசாரித்து ஒரு பெயர். அடுத்துப் பிறந்த பெண்ணுக்கு அவன் பெயரின் வாலைத் திருப்பி ஒன்று: தருணுக்குத் தருணிகா, ரோஷனுக்கு ரோஷினி. பெரியவளான பிறகு “எனக்கு ஏன் இந்தப் பேரு?” என்று கேட்டால், “அண்ணன் பேரோட சேர்ந்து வந்துச்சு” என்பதைத் தவிர வேறு பதில் இருக்காது. அவளுக்கென்று ஒரு கதை வேண்டாமா? மூத்தவனுக்கு எவ்வளவு தேடினீர்களோ அவ்வளவு இவளுக்கும் தேடுங்கள்.

தாத்தா பாட்டி பெயர்களிலும் கணக்கு உண்டு. முதல் குழந்தைக்கு அப்பா வழித் தாத்தா பெயர் என்றால், இரண்டாவதுக்கு அம்மா வழியிலிருந்து ஒன்று எடுப்பதுதான் முறை. அதை விட்டுவிட்டு இணையப் பட்டியலில் இருந்து எடுத்தால், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு மனசு உறுத்தும்.

தொடக்கத்தில் வகை என்று நான் சொன்னதும், பெயர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். மூத்தவன் இனியன் என்றால் தங்கை நிலா, யாழினி, வெண்பா என்று ஓசை எவ்வளவு விலகினாலும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும். இனியனுக்குத் தங்கை தன்விகா என்றாலும் குற்றமில்லை, ஆனால் ஒருவருக்கு ஒரு காரணம், இன்னொருவருக்கு வேறு காரணம் என்று ஆகிறது. பெயரின் நீளத்தைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். சிவசுப்பிரமணியனுக்குத் தம்பி வேலன் என்பது நல்ல பொருத்தம்தான், இருவரையும் முருகன் சேர்த்துவைக்கிறார்.

ஆங்கில எழுத்தும் அவசரமும்

மூத்தவள் தாரணிக்கு ‘டி எச்’ போட்டு எழுதியிருப்பார்கள். இளையவன் தருணுக்கு ‘டி’யில் தொடங்கலாமா, ‘டி எச்’ வேண்டுமா, இரண்டு ‘யூ’ போடலாமா என்று மாற்றிவிடுவார்கள். அப்பா பெயரின் எழுத்துக்கூட்டலும் இருவர் சான்றிதழிலும் வேறு வேறாக விழுந்திருக்கும். பாஸ்போர்ட்டுக்குப் போகும்போதுதான் இது வெளியே வரும். மூத்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பா அம்மா பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதிக்கொடுங்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், அதில் விழும் பிழை எல்லா இடத்துக்கும் கூடவே வரும்.

அவசரமும் தேவையில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை இடமுண்டு. ஒருமுறை பதிவேட்டில் ஏறிவிட்ட பெயரை மாற்றுவதுதான் கடினம், அரசிதழில் வெளியிடுவது வரை அலைய வேண்டியிருக்கும். ஆகவே தொட்டில் போடும் நாளுக்குள் முடிவாகவில்லை என்று கைக்குக் கிடைத்ததை எழுதிவிடாதீர்கள். மனதில் நிற்கும் பெயரை இரண்டு மூன்று வாரம் வீட்டில் வைத்துக் கூப்பிடுங்கள். மூத்தவன் பெயரை முன்னால் போட்டு ஒருமுறை, பின்னால் போட்டு ஒருமுறை, முன்னெழுத்தோடு எழுதி ஒருமுறை, கோபத்தில் கத்துகிற மாதிரியும் ஒருமுறை. அதற்குப் பிறகு பிறப்பைப் பதிந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்.