சைட்டுக்குச் சூடக்கரி: கருப்பேற்றும்போது நேரும் தவறுகள்

பழைய ரைஃபிளின் ஃபோர்சைட், அதாவது குறிபார்க்கக் குழல் நுனியில் நிற்கும் முனை, உறையில் உரசி உரசியே வெளுத்துவிடும். போதாததற்குக் கை வியர்வை. கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம் பக்கம் வீட்டில் வைத்திருந்தால் உப்புக்காற்று வேறு. ப்ளூயிங் (இரும்பின் கருநீல மேற்பூச்சு) போன இடத்தில் வெள்ளியாய் இரும்பு தெரியும். வெயில் வலப்பக்கமிருந்து அடித்தால் முனையின் வலது ஓரம் மட்டும் மின்னும். அந்த மின்னலையே முனை என்று நம்பிக் கண் அதை நடுவில் வைக்கும். உண்மையான முனை இடப்பக்கம் தள்ளிப்போகும், குண்டுகளும் இடப்பக்கம் குவியும். இது புரியாமல் சைட் திருகைத் திருப்புவதுதான் முதல் தவறு. காலையில் திருப்பியதைச் சாயங்காலம் மறுபடி திருப்ப வேண்டிவரும்.

துரு தெரிகிறதென்று உப்புத்தாள் போடுகிறவர்கள் உண்டு. துரு போகும், கூடவே முனையின் கூர்விளிம்பும் மழுங்கும். மழுங்கிய விளிம்பு எந்தப் பக்கத்து வெளிச்சத்தையும் பிடித்துக் கண்ணுக்கு அனுப்பும். மேல்துருவை எண்ணெய் தொட்ட துணியால் எடுத்தாலே போதும்.

தேங்காய் எண்ணெய் நம் வீடுகளில் எதற்கும் கைக்கு வரும். சைட்டுக்கு மட்டும் வேண்டாம். எந்த எண்ணெய்ப் படலமும் கண்ணாடி மாதிரி மின்னும்; இது நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியையும் பிடிக்கும்.

முனை மின்னாமல் கருப்பேற்ற எளிதான வழி, பூஜைக்கு வாங்கும் வில்லைச் சூடம். அதன் கரி உலர்ந்தது, மெல்லியது, துளியும் மினுங்காது. மெழுகுவர்த்தி மெழுகுப் பசையையும் மண்ணெண்ணெய் விளக்கு எண்ணெய்ப் பசையையும் சேர்த்துப் படியவைக்கும். சூடத்திலும் கெடுப்பது அவசரம்தான். முதலில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சைட்டைத் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும். எண்ணெய் மிச்சமிருந்தால் கரி திட்டுத்திட்டாகத்தான் ஒட்டும். ஸ்பிரிட் புட்டியை மூடி எட்ட வைத்த பிறகே தீக்குச்சி உரச வேண்டும். காற்றில்லாத மூலையில் அரை வில்லையைக் கொளுத்தி, மஞ்சள் சுடரின் நுனிக்கு மேலே புகை எழும் இடத்தில் சைட்டை இரண்டு மூன்று விநாடி காட்டி எடுத்தால் போதும். விட்ட இடம் இருந்தால் ஆறவிட்டு மறுபடி காட்டலாம். சுடருக்குள்ளேயே பிடித்தால் சூடு ஏறும், கரியும் ஒழுங்காகப் படியாது. கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பேக்சைட் வெட்டின் கண்பக்க முகத்தையும் மறக்கக் கூடாது. ஏர் ரைஃபிள்கள் பலவற்றில் சைட் பிளாஸ்டிக்; அதன் அருகே தீயே கூடாது. கரி பிடித்தபின் விரல் பட்டால் போச்சு.

பெயின்ட் அடிப்பவர்கள் கனத்தை மறந்துவிடுகிறார்கள். முனை உச்சியில் 0.1 மி.மீ. ஏறினால், இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 50 செ.மீ. உள்ள ரைஃபிளில், 10 மீட்டரில் குண்டு 2 மி.மீ. கீழே இறங்கும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. தான். பளபளப்புக் கருப்பு பெயின்ட் என்றால் அடித்ததே வீண். மார்க்கர் பேனா அவசரத்துக்கு உதவும், ஆனால் காய்ந்ததும் ஊதா மினுமினுப்பு தட்டும்.

சூடாக்காமலே இரும்பைக் கருப்பாக்கும் கோல்ட் ப்ளூ திரவம் நீடித்து நிற்கும். அலுமினியத்திலும் ஸ்டெயின்லெஸ்ஸிலும் பிடிக்காது. பூசியபின் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவி ஓர் இரவு விடாவிட்டால் மறுநாளே செந்துரு. சுடப்போகும் முன் அந்த எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

எதைத் தொடுவதற்கும் முன் மேகசினைக் கழற்றி, போல்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். வேலை செய்யும் அறையிலேயே தோட்டா இருக்கக் கூடாது. என்.சி.சி. ரைஃபிள் என்றால் கேடட் சூடம் கொளுத்த வேண்டாம், பொறுப்பிலுள்ள ஸ்டாஃபிடம் சொன்னால் போதும்.

சுட்டு முடித்ததும் கரியை அப்படியே விட்டு உறையில் போடக் கூடாது. தென்மேற்குப் பருவமழை, பின்னாலேயே வடகிழக்கு என்று இரண்டும் நனைக்கிற மாவட்டம் இது. கரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துடைத்து, லேசாக எண்ணெய் பூசி வைத்துவிட்டு, அடுத்த முறை புதிதாகக் கரி பிடிக்கலாம். அரை வில்லைச் சூடம்தானே.