12, 24, 48 வோல்ட்: காப்பு மின் அமைப்புக்குப் பேட்டரி மின்னழுத்தத்தைத் தேர்வது எப்படி?

மின்வெட்டின்போது கைகொடுக்கும் பேட்டரி அமைப்பை முதன்முறையாகத் திட்டமிடுவோர், எத்தனை பேட்டரி வேண்டும் என்ற கேள்வியில்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே முடிவாக வேண்டியது, அந்தத் தொகுப்பு எத்தனை வோல்ட்டில் இயங்கப்போகிறது என்பதாகும். இன்வெர்ட்டர், சார்ஜர், கேபிள், ஃபியூஸ் அனைத்தும் அதை ஒட்டியே வாங்கப்படுவதால், பிறகு மனம் மாறினால் ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

படி 1: சுமையைக் கூட்டுங்கள்

மின்சாரம் இல்லாதபோது ஒரே சமயத்தில் ஓடக்கூடிய கருவிகளின் வாட் அளவுகளை மட்டும் எழுதிக் கூட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் பம்பு போல மோட்டார் உள்ளவை, கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால் அவற்றைத் தனியே குறித்துவையுங்கள்.

படி 2: வாட்டை ஆம்பியராக மாற்றுங்கள்

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1000 வாட் சுமைக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 83 ஆம்பியர் தேவை; இன்வெர்ட்டரிலேயே வீணாகும் 10 முதல் 15 சதவீதத்தையும் சேர்த்தால் அது ஏறத்தாழ 95 ஆம்பியர் ஆகிறது. அதே சுமைக்கு 24 வோல்ட்டில் 48 ஆம்பியரும், 48 வோல்ட்டில் 24 ஆம்பியரும் போதும்.

படி 3: கேபிளில் நடப்பதைப் பாருங்கள்

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இந்தப் படிதான். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், போக 2 மீட்டர், வர 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 95 ஆம்பியர் ஓடினால் சுமார் 41 வாட் வெறும் வெப்பமாகப் போகும். கையால் தொட்டாலே கேபிளின் சூடு தெரியும். அதே கேபிளில் 24 ஆம்பியர் மட்டும் ஓடும்போது இழப்பு 3 வாட்டுக்கும் குறைவு. மின்னோட்டம் பாதியானால் வெப்ப இழப்பு கால் பங்காகிவிடும் என்பதே காரணம். சற்றுத் தளர்ந்த முனை இணைப்பும் இதே கணக்கில்தான் சூடேறுகிறது என்பதால், அதிக ஆம்பியர் ஓடும் அமைப்பில் ஒவ்வொரு திருகும் கவலைக்குரியது.

படி 4: வோல்ட்டை முடிவுசெய்யுங்கள்

பேட்டரியிலிருந்து தொடர்ந்து ஓடும் மின்னோட்டம் 100 ஆம்பியரைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்வது தொடக்க நிலையினருக்கு நல்ல வரம்பு. அதன்படி 1000 வாட் வரை 12 வோல்ட்டும், 2000 வாட் வரை 24 வோல்ட்டும், அதற்கு மேல் 48 வோல்ட்டும் பொருந்தும். சுமை எல்லைக்கோட்டில் நின்றால், அல்லது மோட்டார் கருவி இருந்தால், அடுத்த உயர் வோல்ட்டுக்கு ஏறிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

படி 5: பேட்டரிகளை இணையுங்கள்

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரிகள் நான்கைத் தொடராக, அதாவது ஒன்றின் பாசிட்டிவை அடுத்ததன் நெகட்டிவோடு, இணைத்தால் 48 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பாசிட்டிவ்கள் ஒன்றாகவும் நெகட்டிவ்கள் ஒன்றாகவும் சேரும் பக்க இணைப்பில் 12 வோல்ட், 600 ஆம்பியர்-மணி. இரண்டிலும் சேமிப்பு 7200 வாட்-மணிதான். வோல்ட் கூடினால் அதிக நேரம் ஓடும் என்பது தவறான எண்ணம். தொடரில் இணைப்பவை ஒரே வகை, ஒரே கொள்ளளவு, ஒரே வயதுடையவையாக இருக்கட்டும். 24 வோல்ட் தொகுப்பில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் விளக்குக்குக் கம்பி இழுக்க வேண்டாம். அந்த ஒன்று மட்டும் குறைந்த சார்ஜிலேயே நின்று விரைவில் கெட்டுப்போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியாக இருந்தால், தொடர் இணைப்புக்கு அதன் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

ஃபியூஸ் நேர்மின்னோட்டத்துக்கு (DC) உரியதாகவும், பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகிலும் இருக்க வேண்டும். 48 வோல்ட் ஈய-அமிலத் தொகுப்பு சார்ஜ் ஆகும்போது 58 வோல்ட் வரை உயரும் என்பதால், அதையும் தாங்கும் ஃபியூஸையே வாங்குங்கள். இன்வெர்ட்டரில் முனைகளைப் பொருத்துமுன் மல்டிமீட்டரை வைத்து மொத்த வோல்ட்டையும் பாசிட்டிவ், நெகட்டிவ் திசையையும் சரிபாருங்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் நான்கு ஈய-அமில பேட்டரிகள் சேர்ந்து ஏறத்தாழ 51 வோல்ட் காட்ட வேண்டும், 38 காட்டினால் ஒரு பேட்டரி வரிசையில் சேரவில்லை.