1/72 அளவில் 25-பவுண்டர் பீரங்கிக் குழு: ஒட்டும் வரிசையும் வண்ணமும்

மேசையில் ஆடும் போர் விளையாட்டுக்காக முதன்முறையாக ஒரு பிளாஸ்டிக் மாதிரிப் பீரங்கிக் குழுவை, உண்மையில் 72இல் ஒரு பங்கு அளவில், செய்ய விரும்புவோருக்கு நான் 25 பவுண்டு எடைக் குண்டு வீசும் பிரிட்டிஷ் பீரங்கியான 25-பவுண்டரையே பரிந்துரைப்பேன். 1942 மே மாதம் லிபியாவின் பிர் ஹக்கீம் அருகே ஜெர்மனி, இத்தாலி உள்ளிட்ட அச்சு நாடுகளின் டாங்குகளை எதிர்த்து நின்ற இந்தியப் பீரங்கிப் படையின் 2ஆம் ஃபீல்டு ரெஜிமென்ட் பயன்படுத்தியது இதைத்தான். பின்னாளில், 1966 முதல் 1969 வரை, இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்த பி. பி. குமாரமங்கலம் அந்த ரெஜிமென்ட்டில் இருந்தவர். அவருடைய ஊரான குமாரமங்கலமும் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரமும் 1942இல் ஒரே சேலம் மாவட்டம்.

பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை வெட்டுவதும், வார்ப்பில் விழுந்த அச்சுக் கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டுவதும் எல்லோரும் அறிந்தவையே. குழல் வாயை மட்டும் தவறாமல் துளையிடுங்கள். உண்மையான பீரங்கியின் துளை விட்டம் 87.6 மில்லிமீட்டர் என்பதால், இந்த அளவில் அது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் வரும். ஊசி முனையால் நடுவில் ஒரு குழி வைத்துக்கொண்டு, 1 மில்லிமீட்டர் துளைமுனையைக் கையாலேயே திருகினால் போதும். மின்சாரத் துளைப்பான் இதற்கு வேண்டாம்.

சிக்கல் தொடங்குவது சக்கரத்திலும் வாலிலும்தான். இந்தப் பீரங்கியைச் சுடும் நிலையில் வைக்கும்போது சக்கரங்கள் ஒரு வட்டத் தளத்தின் விளிம்பில் ஏறி நிற்கும். பின்னால் நீளும் வாலின் முனையோ தரையில் ஊன்றியிருக்கும். சக்கரங்களையும் வாலையும் முதலிலேயே இறுக்கமாக ஒட்டிவிட்டுப் பிறகு தளத்தின் மேல் தூக்கி வைத்தால், வால் அந்தரத்தில் நிற்கும், அல்லது ஒரு சக்கரம் தொங்கும். ஆகவே, வழிகாட்டித் தாளில் எந்த வரிசை இருந்தாலும், வட்டத் தளத்தை முதலில் அடித்தட்டில் ஒட்டிக் காயவிடுங்கள். அதன்பின் அச்சையும் சக்கரங்களையும் ஒட்டுக் களிமண்ணால் தற்காலிகமாகப் பிடித்துத் தளத்தின் மேல் நிறுத்தி, வாலைப் பிளாஸ்டிக் சிமெண்ட் என்ற மாதிரிப் பசையால் இணைத்து, முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஃபெவிக்விக் போன்ற பசைகள் இந்த இடத்துக்கு ஆகாது, ஏனெனில் அவை திருத்துவதற்கு அவகாசமே தருவதில்லை. கவசத் தகட்டை மட்டும் ஒட்டாமல் தனியே வண்ணமடியுங்கள். ஒட்டிவிட்டால் அதன் பின்புறத்துக்குத் தூரிகை போகாது.

முதல் பூச்சான பிரைமர் டப்பாவை வாகன வண்ணக் கடையிலேயே வாங்கலாம், ஆனால் அதன் கரைப்பான் பிளாஸ்டிக்கை அரிக்கக்கூடும் என்பதால் மீந்த சட்டத்தின் மேல் ஒருமுறை அடித்துப் பாருங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நண்பகலில் தெளித்தால் துளிகள் காற்றிலேயே உலர்ந்து பரப்பு மணல்தாள் போல் சொரசொரப்பாகிவிடும். மழைக்கால ஈரத்தில் வெண்மை படரும். காலை வேளையில், மெல்லிய பூச்சுகளாக அடிப்பதே நல்லது. அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடாமல் தடுக்கவும் வழி உண்டு: மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமான டிஷ்யூவைப் பரப்பி, அதன் மேல் பேக்கிங் தாளை விரித்து, அந்தத் தாளில் வண்ணத்தைக் கலந்துகொள்ளுங்கள். விலைகொடுத்து வாங்கும் ஈரத்தட்டு இதைவிட ஒன்றும் மேலானதல்ல.

பீரங்கிக்கு வெளிறிய மணல் நிறம், வீரர்களுக்குக் காக்கி, டயருக்கு அடர் சாம்பல். தூய கறுப்பு இந்த அளவில் பொம்மைத்தனமாகத் தெரியும். பழுப்பு வாஷை, அதாவது நன்கு நீர்த்த வண்ணத்தை, மூட்டுகளிலும் உடை மடிப்புகளிலும் மட்டும் விடுங்கள்.

குழுவில் ஆறு பேர். குறி பார்ப்பவர் இடப்புறம் அமர்வார். குண்டும் வெடிமருந்து உறையும் தனித்தனியாகவே உள்ளே போகும் என்பதால், கையில் பித்தளை நிற உறையுடன் இருக்கும் வீரரைக் குண்டு ஏந்தியவருக்குப் பின்னால் நிறுத்துங்கள். அடித்தட்டில் நம் செம்மண்ணைத் தூவினால் லிபியா வராது. சலித்த ஆற்று மணலை ஃபெவிகால் மேல் தூவி, மங்கிய மஞ்சள் பூசுங்கள். மணல் ஒட்டிய பிறகு கவசத் தகட்டைப் பொருத்தி, ஒளிராத வார்னிஷை அடிக்கலாம்.

பிற்சேர்க்கை: உலோகப் பீரங்கி வைத்திருக்கும் சிலர், சிமெண்ட் பிடிக்கவே இல்லை என்று எழுதியிருந்தார்கள். அது பிளாஸ்டிக்கை உருக்கி இணைக்கும் பொருள். உலோகத்தில் வேலை செய்யாது. அவர்கள் வாலிலும் அச்சிலும் துளையிட்டு, துண்டு கம்பியைச் செருகி நிலையைச் சரிபார்த்த பிறகே ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட வேண்டும்.