தெருத் தண்ணீர்க் கணக்கு: சென்னையில் நீரையும் மக்களையும் சேர்த்து ஆராய்வது எப்படி

சென்னைத் தண்ணீர் என்றதும் பேச்சு பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளுக்குப் போய்விடும். நான்கும் நிரம்பினால் 11,257 மில்லியன் கன அடி. ஆனால் ஏரி வற்றிய வருடம் ஒரு தெருவில் யார் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டார்கள், அதனால் பக்கத்து வீட்டுக் கிணறு என்னவாயிற்று என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. நீர் மனிதரை மாற்றுவதையும் மனிதர் நீரை மாற்றுவதையும் சேர்த்துப் படிக்கும் துறைக்குச் சமூக நீரியல் என்று பெயர். முருகேசு சிவபாலனும் உடன் ஆய்வாளர்களும் 2012-ல் இதைத் தனித் துறையாக முன்வைத்தார்கள். நான்கைந்து மாணவர்களும் ஒரு குடியிருப்போர் சங்கமும் சேர்ந்தால் தெரு அளவில் இதைச் செய்துவிடலாம்.

40 முதல் 60 வீடுகள் உள்ள தெரு போதும். அடுக்ககம், தனி வீடு, வாடகை லைன் வீடு மூன்றும் இருக்க வேண்டும். ஒரு திறந்த கிணறாவது வேண்டும். செப்டம்பரில் தொடங்குங்கள். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்துவிடுகிறது. அதற்கு முந்தைய நிலை பதிவாகாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

கிணறு

கைப்பிடிச் சுவரில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். எப்போதும் அங்கிருந்துதான் அளக்க வேண்டும். இரும்பு டேப்பின் கடைசி ஒரு மீட்டரில் சாக்பீஸ் தேய்த்து, நுனி நீரில் மூழ்கும்வரை இறக்குங்கள். கோட்டில் டேப் 9.00 மீ. காட்டி, நனைந்த பகுதி 0.35 மீ. என்றால் ஆழம் 8.65. சுவர் உயரம் 0.75-ஐக் கழித்தால் தரைமட்டத்திலிருந்து 7.90 மீ. உடனே இரண்டாவது தடவை அளங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், சுவரில் கசியும் நீர் சாக்பீஸை நனைத்திருக்கும்.

வாரம் ஒருமுறை, விடியற்காலை 5 மணிக்குள் அளக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டால் நீங்கள் பார்ப்பது நிலத்தடி நீர்மட்டம் அல்ல, அந்த நேரத்து இறைப்பின் பள்ளம்.

போருக்குள் டேப் விடாதீர்கள். சப்மெர்சிபிள் பம்பின் கேபிளில் சுற்றிக்கொண்டால் பம்பையே தூக்க வேண்டிவரும். மாறாக, பம்பு எந்த வருடம் எத்தனை லென்த் (குழாய்த் துண்டு) இறக்கப்பட்டது என்று பழைய பில்களைக் கேளுங்கள். ஜிஐ குழாய் என்றால் ஒரு லென்த் 20 அடி. இந்த ஒரு தகவல் மட்டுமே இருபது வருட வரலாற்றைக் கொடுத்துவிடும்.

உப்புத்தன்மைக்கு, நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் போதும். மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு, ஆர்.ஓ.வுக்கு முந்தைய குழாயில் பிடியுங்கள். குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதி. திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் மணல். ஆதம்பாக்கத்தில் கீழே பாறை. மணலில் மழைக்கு மட்டம் ஏறுவதும் பாறைப் பகுதியில் ஏறுவதும் ஒன்றல்ல; இரண்டு பகுதிகளின் அடிக்கணக்கை நேரடியாக ஒப்பிட வேண்டாம்.

வீட்டுச் செலவு

"ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?" என்ற கேள்வி வீண். யாருக்கும் தெரியாது, மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள். சம்ப்பை (தரைக்கடித் தொட்டியை) அளங்கள். காலை 6 மணிக்கு மேல்தொட்டியை நிரப்பிவிட்டு, சம்ப்பில் குச்சி விட்டு உயரம் குறியுங்கள். மறுநாள் 6 மணிக்கு மறுபடி மேல்தொட்டியை நிரப்பிய பிறகு குறியுங்கள். 8 அடிக்கு 6 அடி சம்ப்பில் ஒன்றரை அடி இறங்கியிருந்தால் 72 கன அடி, 28.3 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,040 லிட்டர். இடையில் மெட்ரோ வாட்டரோ லாரியோ வந்திருந்தால் கணக்கு கெட்டது. அந்த நாளை விட்டுவிடுங்கள்.

போர் தண்ணீர் நேராக மேல்தொட்டிக்குப் போகிறதா? மாடியில் குழாய் விழும் இடத்தில் 20 லிட்டர் வாளி பிடியுங்கள். 25 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 48 லிட்டர். கீழ்க் குழாயில் பிடித்தால் வேகம் கூடுதலாகக் காட்டும்.

அடுக்ககத்தில் செயலாளரைவிட வாட்ச்மேனிடம் முதலில் பேசுங்கள். எந்த மாதம் எத்தனை லாரி, 12,000 லிட்டரா 24,000 லிட்டரா, மோட்டார் எத்தனை மணிக்குக் காற்று வாங்குகிறது என்பதெல்லாம் அவருக்கே அத்துப்படி. லைன் வீடுகளில் அடிபம்பிலும் தெருத்தொட்டியிலும் குடம் தூக்கும் பெண்களிடம் கேளுங்கள். வீட்டுக்காரரை மட்டும் கேட்டால் வாடகைக்காரரின் பற்றாக்குறை கணக்கிலேயே வராது.

நினைவும் வெள்ளக் கோடும்

வருடம் கேட்டால் குழம்புவார்கள்; நிகழ்ச்சியைப் பிடித்துக் கேளுங்கள். 2003-04 வறட்சி, 2015 வெள்ளம், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019, மிக்ஜாம் புயல் அடித்த 2023. "ரயில்ல தண்ணி வந்த வருஷம் போரை ஆழப்படுத்தினீங்களாம்மா?" என்றால் பதில் துல்லியமாக வரும்.

வெள்ளம் நின்ற உயரத்தை ரோட்டிலிருந்து அளக்காதீர்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் பல தெருக்கள் வாசற்படியை விழுங்கிவிட்டன. கோயில் படி போல அசையாத ஒன்றை அடிப்படையாக வைத்து, கொத்தனாரின் டியூப் லெவலால் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) ஒவ்வொரு வீட்டுக்கும் மட்டத்தைக் கடத்துங்கள். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் மட்டம் பொய்யாகிவிடும். நீரை மெதுவாக ஊற்றி, குழாயைத் தட்டிப் பாருங்கள்.

ஒரே தாளில்

நீளமான வரைபடத் தாளில் கிடையாக மாதங்கள். மேல் பாதியில் மழை, கிணற்று மட்டம், டிடிஎஸ். கீழ் பாதியில் லாரி எண்ணிக்கை, புதுப் போர்கள், இடித்துக் கட்டிய வீடுகள். பழைய வருடங்களுக்குத் தனித் தாளில் இதே அமைப்பு. அதில் நகரத்தின் திருப்பங்களையும் குறியுங்கள்: கிருஷ்ணா நீர் 1996, மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் 2003, வீராணம் ஏரி நீர் 2004, கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் ஆலை 2010, நெம்மேலி ஆலை 2013.

தேட வேண்டியது, நீர் மனிதரை மாற்ற மனிதர் திரும்ப நீரை மாற்றும் வட்டத்தை. புது நீர் வந்ததும் போர் இறைப்பு குறைந்ததா, அல்லது அந்த நம்பிக்கையில் தனி வீடுகள் அடுக்ககமாகித் தேவை ஏறியதா? ஒருவர் ஆழப்படுத்திய எத்தனை மாதத்தில் அடுத்தவர் ஆழப்படுத்தினார்? இரண்டு கோடுகள் சேர்ந்து போவதால் மட்டும் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். அந்த வீட்டுக்குத் திரும்பப் போய் ஏன் என்று கேளுங்கள்.

முடிவைச் சங்கக் கூட்டத்தில் வைக்கும்போது வீட்டு எண்களை நீக்கிவிடுங்கள். மெட்ரோ வாட்டர் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதை நம்பி உங்களிடம் சொன்னவர் அதனால் மாட்டிக்கொள்ளக் கூடாது.